கோபத்தை விழுங்குவதும் ஒரு வேலைதான்

2024 மே மாதம் நாங்குநேரியில் ஓர் அரசுப் பேருந்துக்குள் நடந்த வாக்குவாதம் தமிழ்நாடு முழுக்கக் கைப்பேசிகளில் ஓடியது. சீருடையில் ஏறிய காவலர் ஒருவர் டிக்கெட் எடுக்க மறுத்தார். போக்குவரத்துக் கழக ஊழியர்கள் இலவசமாகப் போகிறார்கள், காவலருக்கு மட்டும் ஏன் டிக்கெட் என்பது அவர் கேள்வி. பணிப் பயணத்துக்கான வாரண்ட் இல்லாவிட்டால் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது நடத்துநரின் பதில். குரல்கள் ஏறின; அதை ஒருவர் படம் பிடித்தார். வாரண்ட் இருந்தால்தான் இலவசம் என்று போக்குவரத்துத் துறை விளக்கம் சொன்னது. விஷயம் அதோடு முடியவில்லை. அடுத்த சில நாட்களில் பல ஊர்களில் போக்குவரத்துக் காவலர்கள் அரசுப் பேருந்துகளை ஓரங்கட்டி, சீட் பெல்ட் போடவில்லை, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினீர்கள் என்று அபராதம் எழுத ஆரம்பித்தார்கள். இரண்டு துறைகளின் செயலாளர்கள் பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. கடைசியில் அதே காவலரும் அதே நடத்துநரும் கைகுலுக்கி, கட்டித் தழுவி, சேர்ந்து டீ குடிக்கும் வீடியோ ஒன்று வெளியானது.

பார்த்தவர்கள் சிரித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்கள். ஆனால் அந்த இருவருக்கும் முன்பகை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. டிக்கெட் இல்லாத ஆள் வண்டியில் இருக்கும்போது செக்கிங் ஏறினால் மாட்டுவது நடத்துநர்தான். சீருடையோடு இருப்பவர் வண்டி நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கப் பின்வாங்கினால், அது தனக்கு மட்டுமல்ல, காக்கிக்கே இழுக்கு என்று நினைக்கும்படி பழக்கப்பட்டவர். இரண்டு பேருடைய வேலையும் அவரவர் முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னது. ஒருவர் பிடி நழுவியதும் மற்றவர் பிடியும் நழுவியது. அவ்வளவுதான்.

நாங்குநேரியிலிருந்து தென்கிழக்கே திசையன்விளை தாண்டினால் கடற்கரையில் உவரி. செவ்வாய்க்கிழமையானால் அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டம் வரும். வைகாசி விசாகம், தைப்பூசம் என்றால் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு. அந்த நாட்களில் உவரி வண்டியில் டூட்டி பார்க்கும் நடத்துநர் என்னென்ன செய்கிறார் என்று கவனித்தால் இந்தக் கட்டுரையின் விஷயம் விளங்கிவிடும். இருபது ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுபவரிடம், பாக்கித் தொகையை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்து, “இறங்கும்போது வாங்கிக்கோங்க” என்கிறார். படியில் தொங்கும் பையன்களை “உள்ள ஏறி வாங்கடே” என்று அதட்டுகிறார். பக்கத்திலேயே நிற்கும் பெரியவரிடம் அதே விஷயத்தை “அண்ணாச்சி, கொஞ்சம் உள்ள தள்ளிக்கோங்க” என்று குரல் மாற்றிச் சொல்கிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு வாங்காவிட்டாலும் சீட்டுக் கொடுத்தாக வேண்டும். நெரிசலில் கையை நீட்டி அந்தச் சீட்டைக் கொடுக்கும்போது முகம் சுளித்தால் அதுவும் வீடியோவாகும். ஆக, டிக்கெட் கிழிப்பது ஒரு வேலை, வசூலைச் சரிபார்ப்பது ஒரு வேலை, குரலையும் முகத்தையும் ஆளுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டே இருப்பது மூன்றாவது வேலை. முதல் இரண்டுக்கும் கணக்குப் புத்தகம் உண்டு. மூன்றாவதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

இந்த மூன்றாவது வேலையை ஓர் உழைப்பாகவே பார்க்க வேண்டும் என்று முதலில் அழுத்திச் சொன்னவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ரஸ்ஸல் ஹோக்‌ஷீல்ட். 1983-இல் வெளியான தம் நூலுக்காக அவர் டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களிடம் பேசினார். பயிற்சியில் அவர்களுக்குச் சொல்லப்பட்டது வெறும் “சிரியுங்கள்” அல்ல. மனதார நினைத்துச் சிரியுங்கள் என்பது. விமானத்தை உங்கள் வீட்டுக் கூடமாகவும், பயணியை வீட்டுக்கு வந்த விருந்தாளியாகவும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நூலில் வரும் ஒரு சம்பவம் பலருக்கும் மறக்காது. ஏன் சிரிக்கவில்லை என்று ஒரு பயணி பணிப்பெண்ணிடம் கேட்கிறார். முதலில் நீங்கள் சிரியுங்கள், பிறகு நான் சிரிக்கிறேன் என்கிறார் அவர். பயணி சிரிக்கிறார். இந்தச் சிரிப்பைப் பதினைந்து மணி நேரம் அப்படியே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் பணிப்பெண் நகர்ந்துவிடுகிறார்.

ஹோக்‌ஷீல்ட் கடன் வசூலிப்பவர்களையும் கவனித்தார். அவர்களுக்கு நேர்மாறான உத்தரவு: இரக்கம் காட்டாதே, சந்தேகப்படு, குரலை இறுக்கு. பணிப்பெண் தன் எரிச்சலை மறைக்க வேண்டும். வசூல்காரர் தன் பரிவை மறைக்க வேண்டும். நாங்குநேரி வண்டியில் நின்ற காக்கிச் சீருடைக்காரரின் வேலை இந்த இரண்டாவது வகை. உணர்ச்சியை ஆள்வது என்றாலே புன்னகை என்று எடுத்துக்கொள்கிறோம். விறைப்பாக நிற்பதற்கும் அதே அளவு உழைப்பு போகிறது.

உணர்ச்சியை அடக்கி முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வது ஒரு வழி. எதிரே நிற்பவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று யோசித்து, உள்ளே இருக்கும் உணர்ச்சியையே கொஞ்சம் திருப்பிக்கொள்வது இன்னொரு வழி. கை நீட்டிக் கத்தும் பயணி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவராக இருக்கலாம் என்று நடத்துநர் ஒரு நொடி நினைத்துப் பார்க்கிறாரே, அது இந்த இரண்டாவது வழி. முதல் வழிதான் உடம்பைக் கெடுப்பது. 1993-இல் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சிலருக்கு அருவருப்பூட்டும் படம் ஒன்றைக் காட்டினார்கள். பாதிப் பேரிடம், முகத்தில் எதையும் காட்டாமல் பாருங்கள் என்றார்கள். அவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தோலின் வியர்வை போன்ற பதற்றக் குறிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. முகம் அமைதியானதால் உடம்பு அமைதியாகிவிடவில்லை. உணர்ச்சியை அடக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் கேட்டதும் பார்த்ததும் சரியாக நினைவில் நிற்பதில்லை என்பதைப் பின்னால் வந்த சோதனைகள் காட்டின. வாடிக்கையாளர் திட்டித் தீர்த்த பிறகு பில்லில் தப்பு விழுவது இதனால்தான் இருக்கும்.

இப்படி அடக்குவது நாள்கணக்கில் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதை உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அளந்தார். அவர் 1981-இல் வெளியிட்ட கேள்வித்தாளை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். முதலில் மனம் வறண்டுபோகும். அடுத்து, எதிரே வருகிற ஆள் ஆளாகத் தெரியமாட்டார்; ஒரு டோக்கனாக, ஒரு தொல்லையாகத் தெரிவார். மூன்றாவது, நான் என்ன வேலை செய்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இந்தச் சோர்வைத் தன் நோய் வகைப்பாட்டில் வேலை சார்ந்த ஒரு நிலையாகச் சேர்த்தது. அதைத் தனி நோய் என்று சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத பணியிட மன அழுத்தத்தின் விளைவு என்று விளக்கியது. குறை ஊழியரிடம் இல்லை, பணியிடத்திடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எதிரே நிற்பவர் ஆளாகத் தெரியாத அந்த இரண்டாவது நிலை எவ்வளவு கொடூரமாக வெளிப்படும் என்பதற்குக் குளச்சல் ஒரு சாட்சி. 2021 டிசம்பரில் அங்கே மீன் விற்றுவிட்டு வீட்டுக்குத் திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய மூதாட்டி ஒருவரை, மீன் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று உரக்கக் குரல் எழுப்பி நியாயம் கேட்டார். அந்த வீடியோ முதலமைச்சர் வரை போனது. ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். தண்டனை நியாயமே. வேலை அலுப்பு என்பது இன்னொருவரை இழிவுபடுத்தும் உரிமையைத் தந்துவிடாது. என்றாலும், மேலே இருந்து வரும் அழுத்தம் எப்போதும் கீழே இருப்பவர் தலையில்தான் இறங்குகிறது என்பதையும் அந்தச் சம்பவம் காட்டியது. அந்தப் படிக்கட்டில் ஆகக் கீழே நின்றவர் மீன் கூடைக்காரப் பாட்டி.

ஆனால் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் அதில் உண்டு. அந்தப் பாட்டியால் கத்த முடிந்தது.

உவரி போன்ற ஊர்களில் இப்படிக் கத்தித் தீர்ப்பதைத் தினமும் பார்க்கலாம். வள்ளம் கரைக்கு வந்ததும் மீனை மணலில் கூறு போட்டு ஏலம் விடுகிறார்கள். அந்த இடத்தில் யாரும் மெல்லப் பேசுவதில்லை. கடலில் வலை சிக்கினால் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்வார்கள். கரையேறும்போது அது கூடவே வராது. உவரியில் பிறந்த நாவலாசிரியர் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ வாசித்தவர்களுக்கு அந்தப் பேச்சின் சூடும் அதற்குள் இருக்கும் ஒட்டுதலும் தெரியும். மீனை வாங்கி உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் பெண்களும் அப்படித்தான். ஒரு கூறு சாளையைப் பாதி விலைக்குக் கேட்டால், “இந்த வெலைக்கு வேணும்னா நீயே கடல்ல எறங்கிப் புடிச்சிட்டு வா” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிவிடுவார்கள். வருமானம் நிச்சயமில்லை, வெயில், பேருந்தில் அவமானம், கடன் என்று அவர்களுடைய பாடு பெரும்பாடு. ஆயினும் வாடிக்கையாளரிடம் எந்த முகத்தைக் காட்டுவது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. வேலையின் பாரம் எவ்வளவு என்பதோடு, அந்த வேலையில் தானாக முடிவெடுக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதினார். பாரம் அதிகமாகவும் பிடி குறைவாகவும் இருக்கும் வேலைதான் ஆளை அதிகம் வாட்டும். லண்டனில் 1967-இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு அரசு ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப் போல் மூன்று மடங்கு. பெரிய பொறுப்பு வகிப்பவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்று நாம் நினைத்திருக்க, கணக்கு தலைகீழாக வந்தது. மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மோட் தலைமையில் 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, வேலையில் தன் கையில் பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்பதையும் காட்டியது.

அந்தப் பிடி சுத்தமாக இல்லாத இடம் ஒன்று திருநெல்வேலிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். உவரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்ததும் சொந்தக்காரர் மூலமோ ஊர்க்காரர் மூலமோ சென்னைத் தியாகராய நகரின் பெரிய கடைகளுக்கு வேலைக்குப் போவது பல காலமாக நடப்பது. முதலாளிகளில் பலரும் தென்மாவட்டத்துக்காரர்கள். 2010-இல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ இந்த வாழ்க்கையைத்தான் திரையில் காட்டியது. ஜெயமோகன் வசனம் எழுதிய அந்தப் படத்தில், மேற்பார்வையாளரிடம் அடி வாங்கிய பெண் அடுத்த நிமிடமே வாடிக்கையாளருக்குப் புடவை விரித்துக் காட்ட வேண்டும். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் கடைப் பிள்ளைகளின் முகத்தைக் கொஞ்ச நாள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்தக் கடைகளில் உட்காரக் கூடாது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. இத்தனைக்கும் நாள் முழுக்க நிற்பதால் ஒரு புடவைகூடக் கூடுதலாக விற்கப் போவதில்லை. பிறகு ஏன்? உட்கார்ந்திருக்கும் ஊழியர் வாடிக்கையாளரை மதிக்காதவர் போலத் தெரிகிறார் என்பதுதான் காரணம். நிற்பதும் முகபாவனையின் ஒரு பகுதி. உங்களுக்காகக் காத்திருக்கிறேன் என்று உடம்பால் சொல்வது. கால் நரம்பு புடைத்துக்கொள்வதும், தண்ணீர் குடித்தால் ஒதுங்கப் போக வேண்டுமே என்று தாகத்தை அடக்கிக்கொள்வதும் அதற்கு அவர்கள் தரும் விலை.

இதைத் தட்டிக் கேட்டவர்கள் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்கள். தையல்காரரான பி. விஜி தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பு வெகுகாலம் போராடியது. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் கொண்டுவந்த அந்தத் திருத்தப்படி, எல்லா ஊழியருக்கும் கடையில் இருக்கை இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். ஒரு நாற்காலிக்குச் சட்டசபை வரை போக வேண்டியிருந்ததே என்று வருத்தப்படலாம். ஆனால் மனம் சார்ந்த ஒரு பாரத்தை மரச்சாமான் ஒன்றால் குறைக்க முடியும் என்பதை அது காட்டியது. ஊழியருக்குத் தியான வகுப்பு எடுப்பதைவிட இது உருப்படியான வேலை.

பணியிட மனநலம் என்ற பெயரில் இன்று நடப்பதில் பாதிக்கு மேல் ஊழியரை மட்டும் திருத்தும் முயற்சி. மூச்சுப் பயிற்சி செய், நேர்மறையாக யோசி, புன்னகை செய். இவை பயனற்றவை அல்ல. கத்துகிற ஆளின் நிலையை யோசித்துப் பார்ப்பது, ஒரு வாடிக்கையாளரிடம் முடியவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கைமாற்றிவிடுவது, டூட்டி முடிந்து நேரே வீட்டுக்குள் நுழையாமல் டீக்கடையில் கூட்டாளிகளோடு பத்து நிமிடம் பேசித் தீர்ப்பது எல்லாம் உதவத்தான் செய்கின்றன. இல்லாவிட்டால் டெப்போவில் விழுங்கிய கோபம் வீட்டில் பிள்ளைகள் மேல் விழும். ஆனால் உணர்ச்சி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவது. ஆய்வாளர் சிகால் பார்சேட் 2002-இல் வெளியிட்ட சோதனையில், குழுவுக்குள் நடிகர் ஒருவரைக் கலந்துவிட்டு வெவ்வேறு மனநிலையில் பேச வைத்தார். மற்றவர்களுக்குத் தெரியாமலே அவர் மனநிலை அவர்களைத் தொற்றியது. அவர் இனிமையாக இருந்தபோது ஒத்துழைப்பு கூடிச் சச்சரவு குறைந்தது. சாதாரண உறுப்பினர் ஒருவராலேயே இவ்வளவு என்றால், காலையில் டூட்டி போடும்போதே எரிந்து விழும் மேலாளர் எத்தனை வண்டிகளின் பயணிகளை மறைமுகமாகத் திட்டுகிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காவல்துறை இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் காவலர்களுக்காக பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு நல்வாழ்வுத் திட்டம் நடத்தப்பட்டது. குடும்பத்தினரையும் அதில் சேர்த்தார்கள். 2021-இல் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு என்று அரசாணை வந்தது. திருவிழா, தேர்தல், தலைவர் வருகை என்றால் அந்த நாளும் போய்விடுகிறது என்பது வேறு கதை.

சில வெளிநாடுகள் இன்னும் ஓரடி முன்னே போயிருக்கின்றன. தென் கொரியாவில் 2018 அக்டோபரிலிருந்து, வாடிக்கையாளரின் வசவுக்கு ஆளாகும் ஊழியரைப் பாதுகாப்பது முதலாளியின் சட்டக் கடமை; வேலையை நிறுத்திவைக்கவோ இடம் மாற்றவோ, தேவைப்பட்டால் சிகிச்சைக்கு உதவவோ வேண்டும். டோக்கியோ நகரில் வாடிக்கையாளர் துன்புறுத்தலுக்கு எதிரான விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் தண்டனை எதுவும் இல்லை. இருந்தும், வாடிக்கையாளரே தெய்வம் என்று வளர்ந்த நாட்டில் அப்படி ஒரு விதி வந்ததே பெரிது. நம் நாட்டில் பெண்களுக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வெளியாள் செய்யும் பாலியல் தொல்லையையும் கணக்கில் எடுக்கிறது. மற்ற வசவுகளைத் தாங்கிக்கொள்வது இன்னும் ஊழியரின் பொறுமைக்கே விடப்பட்டிருக்கிறது.

மனம் ரொம்பவும் சோர்ந்துபோனவர்கள் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் சேவையைக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ துணி எடுக்கப் போகும்போது, விற்கும் பிள்ளைகளுக்குப் பின்னால் இருக்கை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், கேட்பது சட்டத்தில் இருப்பதைத்தான். அதற்கும் மசியாவிட்டால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதிப் போடுங்கள்.